இருதயத்தில் வளரும் கட்டி: வேறு வியாதியின் வேஷத்தில் வரும் நோய்



ஜெபத்தாலும் காணிக்கையாலும் இம்மருத்துவமனையைத் தாங்கி வருகிற சபையாருக்கு, இங்கே எந்தெந்த வியாதிகளோடு மக்கள் வருகிறார்கள், உங்கள் உதவி எங்கே போய்ச் சேருகிறது என்பதை விளக்கிச் சொல்லுவது எங்கள் கடமை. இந்த இதழில் மிகவும் அபூர்வமான ஒரு வியாதியைக் குறித்து எழுதுகிறோம். அது இருதயத்தில் வளரும் கட்டி.

நாங்கள் மருத்துவர்கள் அல்ல. நோயாளிகளின் படுக்கையருகே அமர்ந்து, கேட்டு, ஜெபிக்கிற ஊழியர்கள். ஆனாலும் குடும்பத்தார் எங்களிடம் கேட்கிற கேள்விகளுக்குத் தவறான பதில் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, மருத்துவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டதையே இங்கே எளிய வார்த்தைகளில் தருகிறோம்.

"இத்தனை அபூர்வமான நோயைப் பற்றி நாங்கள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. காலத்தோடு கண்டுபிடித்தால் ஒரே அறுவை சிகிச்சையில் முற்றிலும் சுகமாகக் கூடியவை. இரண்டாவது, இவை தங்கள் சொந்த முகத்தோடு வருவதில்லை. காசநோய் போலவும், ரூமாட்டிக் இருதய நோய் போலவும், ஆஸ்துமா போலவும், சில வேளைகளில் பக்கவாதமாகவும் வந்து நிற்கும். வேஷத்தைக் கண்டு ஏமாறாமல் இன்னொரு முறை உற்றுப் பார்க்கிற ஒருவர் இருந்தால் நோயாளி பிழைப்பார். அந்த இன்னொரு முறை பார்த்தலைப் பற்றியதே இக்கட்டுரை.

எத்தனை பேருக்கு வருகிறது?

இருதயத்திலேயே தோன்றுகிற கட்டி மிகவும் குறைவு. பிரேதப் பரிசோதனைக் கணக்குகளைக் கொண்டு மருத்துவ நூல்கள் சொல்லுவது, 10,000 பேரில் ஏறத்தாழ 2 பேர். அவற்றிலும் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சாதுவான கட்டிகள். அதாவது, மற்ற உறுப்புகளுக்குப் பரவாதவை. நுரையீரல், மார்பகம் போன்ற வேறு உறுப்புகளில் தொடங்கிய புற்றுநோயும் இரத்தப் புற்றுநோயும் இருதயத்துக்குப் பரவுவது இதைவிட 20 மடங்குக்கும் அதிகம்.

பெரியவர்களுக்கு வரும் சாதுவான கட்டிகளில் ஏறக்குறைய பாதி, "மிக்சோமா" என்ற ஒரே வகையைச் சேர்ந்தவை. இது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலும் 30 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில். அதாவது ஒரு குடும்பத்தை நடத்துகிற வயதில், சமைத்துப் போட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்து, வேலைக்கும் போய்வருகிற வயதில் வருகிறது.

மதகில் சிக்கிய ஆகாயத்தாமரை

நம் இருதயத்தில் நான்கு அறைகள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். மேலே இரண்டு, கீழே இரண்டு. நுரையீரலில் சுத்தமான இரத்தம் இடது மேலறைக்கு வந்து, அங்கிருந்து மிட்ரல் வால்வு என்ற கதவு வழியாக இடது கீழறைக்கு இறங்கி, பிறகு உடல் முழுவதும் போகிறது. மிக்சோமா கட்டிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று இந்த இடது மேலறையில்தான் வளருகின்றன. இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஒரு காம்பினால் ஒட்டிக்கொண்டு, அறைக்குள் தொங்கும். தொட்டால் நுங்குபோல் வழவழப்பாக இருக்கும். கண்டுபிடிக்கப்படும்போது பெரும்பாலும் ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கும்.

மதகு என்கிற சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிற மதகடிப்பட்டுப் பகுதி மக்களுக்கு இதை விளக்குவது எளிது. ஏரியில் தண்ணீர் நிறைந்திருக்கிறது; மதகும் திறந்தே இருக்கிறது; ஆனால் ஓர் ஆகாயத்தாமரைக் கொத்து மிதந்து வந்து மதகின் வாயில் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? வாய்க்காலில் தண்ணீர் குறையும். இந்தப் பக்கம் தண்ணீர் தேங்கும். கொத்து சற்று நகர்ந்தால் மறுபடியும் தண்ணீர் ஓடும். கொத்திலிருந்து பிய்ந்த துண்டு வாய்க்காலோடு போனால், எங்கோ தூரத்தில் ஒரு சிறு மடையை அடைக்கும். இருதயத்துக்குள் இருக்கும் கட்டி செய்கிறதும் இதுதான்.

மூன்று விதமாகத் தன்னைக் காட்டும்

இந்நோயின் அறிகுறிகளை மருத்துவர்கள் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்.

முதலாவது, அடைப்பு. கட்டி வால்வின் வாயை மறைக்கும்போது இரத்தம் முன்னே போக முடியாமல் நுரையீரலில் தேங்குகிறது. மூச்சு வாங்கும், படுத்தால் இருமல் வரும், சளியில் இரத்தம் தெரியலாம். கவனிக்க வேண்டிய ஒன்று என்னவென்றால், கட்டி காம்பில் ஆடுகிறபடியால், உடல் இருக்கும் நிலையைப் பொறுத்துத் தொந்தரவு மாறலாம். ஒருக்களித்துப் படுத்தால் மூச்சு முட்டும், மறுபுறம் திரும்பினால் இலேசாகும். உட்கார்ந்தவர் எழும்போதும் குனிந்தவர் நிமிரும்போதும் கண்ணை இருட்டிக்கொண்டு மயங்கி விழலாம். அபூர்வமாக, கட்டி வால்வை முழுவதுமாக அடைத்துத் திடீர் மரணமும் நேரிடும். கட்டி வலது மேலறையில் இருந்தால் கால் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும், கழுத்து நரம்பு புடைக்கும்.

இரண்டாவது, துண்டு பிய்ந்து போதல். கட்டியின் சிறு துண்டோ, அதன்மேல் உறைந்த இரத்தமோ பிரிந்து இரத்த ஓட்டத்தோடு போகிறது. இடது பக்கத்திலிருந்து போனால் பெரும்பாலும் மூளைக்குப் போகும், பக்கவாதம் வரும். கைகாலுக்குப் போனால் அந்தக் கை அல்லது கால் சில்லிட்டு வெளுத்துப்போகும். கண்ணுக்குப் போனால் பார்வை மறையும். சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ இல்லாத இளவயதினருக்குத் திடீரெனப் பக்கவாதம் வந்தால், மூளையை ஸ்கேன் எடுத்துவிட்டு நின்றுவிடாமல் இருதயத்தையும் எக்கோ செய்து பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

மூன்றாவது, உடல் முழுவதும் தெரியும் நோய். விட்டுவிட்டுக் காய்ச்சல், எடை குறைதல், அசதி, மூட்டுவலி, இரத்தசோகை. இரத்தப் பரிசோதனையில் இ.எஸ்.ஆர். அதிகமாயிருக்கும். கட்டியே இரத்தத்தில் கலக்கச் செய்யும் சில புரதப் பொருள்கள், முக்கியமாக இன்டர்லூக்கின்-6 என்பது, இதற்குக் காரணம் என்று கண்டறிந்திருக்கிறார்கள். கட்டியை எடுத்துவிட்டால் இந்தக் காய்ச்சலும் அசதியும் தாமாக நீங்கிவிடுவது வழக்கம்.

இவை மூன்றும் ஒருவருக்கே இருக்க வேண்டும் என்பதில்லை. சிலருக்கு ஒன்று மட்டும் இருக்கும். சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல், வேறு எதற்காகவோ எடுத்த எக்கோவில் கட்டி தெரியவரும். கட்டி அறைக்குள் தொங்காமல் இருதயத் தசைக்குள்ளேயே வளர்ந்தால் துடிப்பு தாறுமாறாகும். இருதயத்தின் வெளி உறையில் வளர்ந்தால் உறைக்குள் நீர் சேரும்.

ஏன் தவறிப்போகிறது?

ஒரு தாயை மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். இது எந்த ஒரு நோயாளியின் கதையும் அல்ல. எப்படித் தவறிப்போகிறது என்று காட்டச் சொல்லுகிற உதாரணம். மதகடிப்பட்டுக்கு அருகில் ஒரு கிராமம். கரும்புத் தோட்டத்தில் கூலிவேலை. நாற்பது வயது. மூன்று மாதமாகச் சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைத்துப்போனது, இருமல். யாராயிருந்தாலும் முதலில் காசநோயைத்தான் நினைப்பார்கள். நினைக்கவும் வேண்டும், நம் நாட்டில் அதுதான் அதிகம். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. பிறகு மூச்சு வாங்குகிறது என்கிறாள். ஆஸ்துமா மாத்திரை கொடுக்கிறார்கள். வேலை செய்யும்போது ஒருநாள் தலைசுற்றி விழுகிறாள். சாப்பிடாமல் வேலைக்குப் போனதால் என்கிறார்கள். பலவீனம் என்று குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். இப்படியே ஆறு மாதம் போய்விடுகிறது. ஒரு விடியற்காலையில் வலது கையும் காலும் விழுந்துவிடுகின்றன, பேச்சும் வரவில்லை.

இதில் யாரும் வேண்டுமென்று தப்புச் செய்யவில்லை. ஒவ்வொரு படியிலும் சொன்னது பொதுவாகச் சரியாக இருக்கக்கூடியதே. ஆனால் காய்ச்சல், மூச்சுத் திணறல், மயக்கம் என்ற மூன்றையும் சேர்த்து வைத்து "இவை எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இருக்குமோ?" என்று கேட்க ஆள் இல்லாமற்போயிற்று.

இன்னொரு வேஷமும் உண்டு. அதுவே எல்லாவற்றிலும் நெருங்கியது. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ரூமாட்டிக் காய்ச்சல், பின்னாளில் மிட்ரல் வால்வைச் சுருக்கிவிடும். நம் கிராமப்புறங்களில் இது நெடுங்காலமாக இருந்துவருகிற நோய். வால்வு சுருங்கினாலும், கட்டி வால்வை அடைத்தாலும் விளைவு ஒன்றே: அதே மூச்சுத் திணறல், ஸ்டெதாஸ்கோப்பில் ஏறத்தாழ அதே ஓசை. அனுபவமுள்ள மருத்துவர் நோயாளியை உட்கார வைத்தும் படுக்க வைத்தும் கேட்கும்போது ஓசை மாறுவதைக் கவனிப்பார். கட்டி கீழே விழுந்து தட்டுவதுபோன்ற ஒரு தனிச் சத்தமும் சில வேளைகளில் கேட்கும். ஆனாலும் காதினால் மட்டும் தீர்மானிக்க முடியாது. கண்ணால் பார்க்க வேண்டும்.

மதகடிப்பட்டு புதுச்சேரி–விழுப்புரம் சாலையில் இருக்கிறது. கிழக்கே போனால் வில்லியனூர் வழியாகப் புதுச்சேரி. அங்கே கோரிமேட்டில் ஜிப்மர். மேற்கே விழுப்புரம், அதற்கு அப்பால் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. மதகடிப்பட்டை அடுத்த கலித்தீர்த்தாள்குப்பத்திலேயே ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. ஆகையால் இந்தச் சாலையில் மருத்துவமனைக்குக் குறைவு என்று சொல்ல முடியாது. குறைவு வேறு இடத்தில் இருக்கிறது. "எக்கோ எடுத்துப் பாருங்கள்" என்று எழுதிக் கொடுக்கிற முதல் மருத்துவர் வேண்டும். அந்தச் சீட்டை மடித்து வைத்துவிடாமல் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போக மனமும் வேண்டும், பஸ் காசும் வேண்டும், கூடப் போக ஒருவரும் வேண்டும். உங்கள் காணிக்கை பெரும்பாலும் இந்தச் சின்னக் காரியங்களுக்கே பயன்படுகிறது.

இருதயத்தைப் பார்க்கும் கண்

இத்தாலிய உடற்கூறு நிபுணர் ரியால்டோ கொலம்போ 1559ஆம் ஆண்டிலேயே இருதயக் கட்டியைக் குறித்து எழுதியிருக்கிறார். ஆயினும் அதற்குப்பின் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள், இந்தக் கட்டி இருந்தது பெரும்பாலும் நோயாளி மரித்த பிறகே தெரியவந்தது. தெரிந்திருந்தாலும் எடுக்க வழியில்லை.

1953ஆம் ஆண்டு இரண்டு கதவுகள் திறந்தன. சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற மருத்துவரும், ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், கப்பல் கட்டும் தளத்தில் இரும்பில் விரிசல் பார்க்கப் பயன்படும் ஒலி அலைக் கருவியைக் கடன் வாங்கி, துடிக்கிற இருதயத்தைப் பதிவு செய்தார்கள். அதுவே எக்கோ பரிசோதனையின் தொடக்கம். அதே ஆண்டு அமெரிக்காவில் ஜான் கிப்பன், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் சற்று நேரம் ஏற்றுக்கொள்ளும் இயந்திரத்தின் உதவியால் ஒரு நோயாளிக்கு வெற்றிகரமாக அறுவை சிகிச்சை செய்தார். அடுத்த ஆண்டே, 1954இல், ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் அப்படிப்பட்ட இயந்திரத்தைக் கொண்டு ஒரு பெண்ணின் இடது மேலறையிலிருந்து மிக்சோமாவை எடுத்தார். உலகில் அவ்விதம் வெற்றியாக நடந்த முதல் சிகிச்சை அது. 1959இல் ஜெர்மனியில் ஒலி அலையைக் கொண்டே இடது மேலறைக் கட்டியைக் கண்டுபிடித்தார்கள்.

இன்று எக்கோ எடுப்பது எளிது. ஊசி இல்லை, வலி இல்லை, எக்ஸ்-ரே கதிரும் இல்லை. நெஞ்சில் ஜெல்லி தடவி ஒரு சிறு கருவியை வைத்து நகர்த்துகிறார்கள். கட்டி காம்பில் ஆடி, வால்வு திறக்கும்போது கீழே இறங்கி, மூடும்போது மேலே போவது திரையில் தெரிகிறது. தெளிவு போதாவிட்டால் உணவுக்குழாய் வழியாகச் சிறு கருவியைச் செலுத்திப் பின்புறமிருந்து பார்ப்பார்கள். சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் கட்டியின் தன்மையை அறிய உதவும். இ.சி.ஜி. மட்டும் எடுத்து "நார்மல்" என்று வந்தால் கட்டி இல்லை என்று தீர்மானித்துவிட முடியாது.

அறுவை சிகிச்சை

மிக்சோமா என்று தெரிந்தவுடன் காலம் தாழ்த்தாமல் எடுத்துவிட வேண்டும். துண்டு எந்த நேரமும் பிய்ந்து போகலாம். மாத்திரையால் இது கரையாது. மார்பெலும்பைத் திறந்து, இருதய-நுரையீரல் இயந்திரத்தில் நோயாளியை இணைத்து, இருதயத்தைச் சற்று நேரம் நிறுத்தி, மேலறையைத் திறந்து, கட்டியைக் காம்போடும் காம்பு ஒட்டியிருந்த சுவரின் சிறு பகுதியோடும் எடுக்கிறார்கள். சுவரில் உண்டாகும் துவாரத்தைத் தைத்தோ ஒட்டுப்போட்டோ மூடுகிறார்கள். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பி, அது என்னவென்று உறுதிசெய்கிறார்கள். தேர்ந்த இடங்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்து வீடு திரும்புகிறார்கள். கட்டி மறுபடியும் வருவது மிகவும் குறைவு. ஆனாலும் ஆண்டுதோறும் எக்கோ எடுத்துப் பார்ப்பது நல்லது.

சில குடும்பங்களில் மட்டும் இக்கட்டி பரம்பரையாக வரும். 1985இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டாக்டர் கார்னி இதை விவரித்தார். உதட்டிலும் முகத்திலும் சிறு கரும்புள்ளிகள், இளவயதிலேயே கட்டி, எடுத்தபின் மறுபடியும் கட்டி என்று இருந்தால், உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் எக்கோ எடுக்கச் சொல்லுவார்கள்.

குழந்தைகளின் காரியம் வேறு. அவர்களுக்கு அதிகமாக வருவது ராப்டோமயோமா என்ற தசைக்கட்டி. தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஸ்கேனில் தெரியலாம். கேட்டவுடன் பெற்றோர் கலங்கிப்போவார்கள். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை பிறந்தபின் தாமாகவே சுருங்கிவிடுகின்றன. இரத்த ஓட்டத்தை அடைத்தாலோ துடிப்பைக் கெடுத்தாலோ மட்டுமே சிகிச்சை தேவை. இக்குழந்தைகளில் பலருக்கு டியூபரஸ் ஸ்கிலரோசிஸ் என்ற பிறவி நோயும் இருக்கக்கூடும். ஆகையால் தோலில் வெளுத்த தேமல், வலிப்பு ஆகியவை உண்டா என்று தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

எல்லாம் நல்ல முடிவாகவே இருக்கும் என்று உங்களிடம் சொல்லமாட்டோம். இருதயத்திலேயே தோன்றும் புற்றுநோயாகிய சார்கோமா விரைவாக வளரும். பெரும்பாலும் அதை முழுவதும் எடுக்க இயலாது. வேறு உறுப்பிலிருந்து பரவிய கட்டியும் அப்படியே. அந்த வேளைகளில் உறையில் சேர்ந்த நீரை எடுத்து மூச்சை இலேசாக்குவதும், வலியைத் தணிப்பதும், குடும்பத்தாருக்கு உண்மையைச் சாந்தமாய்ச் சொல்லுவதும், முடிவுவரை கூட இருப்பதும் மருத்துவமே. அதுவும் உங்கள் காணிக்கையால் நடக்கிற ஊழியமே.

படுக்கையருகே கேட்கப்படும் கேள்விகள்

இருதய நோயாளிகளின் குடும்பத்தார் எங்களிடம் கேட்கிற கேள்விகள் மருத்துவ நூல்களில் இல்லை. தமிழில் இருதயம் என்றாலே மனம் என்று பொருள்கொள்ளுகிறோம் அல்லவா? ஆகையால் "மனசிலே துக்கத்தை அடக்கி அடக்கி வைத்ததால் கட்டியாகிவிட்டதா ஐயா?" என்று கேட்பார்கள். மருமகள் தன்னால்தான் மாமியாருக்கு வந்தது என்று அழுவாள். குடித்துவிட்டு வீட்டில் சண்டையிட்ட கணவன் தலைகுனிந்து நிற்பான். சண்டைக்காக மனந்திரும்பட்டும், அது நல்லது. ஆனால் துக்கத்தினால் இந்தக் கட்டி வருவதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுவது எங்கள் பொறுப்பு. பொய்யான குற்றவுணர்வைச் சுமக்க விடுவது ஆத்தும ஆதாயம் ஆகாது.

"யார் செய்த பாவம்?" என்பது அடுத்த கேள்வி. பிறவிக்குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதும் இதுவே. ஆண்டவர் அவனையும் குற்றப்படுத்தவில்லை, அவனைப் பெற்றவர்களையும் குற்றப்படுத்தவில்லை. அவனுடைய கண்களைத் திறந்தார். நாங்களும் அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு, ஆகவேண்டியதைப் பார்க்கச் சொல்லுகிறோம்.

"நெஞ்சைத் திறந்து இருதயத்தை நிறுத்தினால் உயிர் எங்கே போகும்?" என்று கேட்பவர்களும் உண்டு. நகைக்க வேண்டிய கேள்வி அல்ல. இயந்திரம் இரத்தத்தை ஓடச்செய்கிறது, மூளைக்கும் உடலுக்கும் பிராணவாயு போய்க்கொண்டே இருக்கிறது, உயிர் எங்கும் போவதில்லை என்று விளக்குகிறோம். பிறகு ஜெபிக்கிறோம். "ஜெபத்திலேயே கரைந்துபோகட்டும், ஆபரேஷன் வேண்டாம்" என்று சொல்லுகிற விசுவாசிகளிடமும் அன்பாய்ப் பேசவேண்டியிருக்கிறது. மருத்துவரின் கையும் கர்த்தர் கொடுத்த ஈவே. அவரிடம் போவது அவிசுவாசம் ஆகாது.

காணிக்கை எவ்வளவு தூரம் போகிறது?

நமது மருத்துவமனையில் இருதயத்தைத் திறக்கும் அறுவை சிகிச்சை செய்வதில்லை. சந்தேகப்படுவதும், அனுப்புவதும், அனுப்பியவரை மறந்துவிடாமல் விசாரிப்பதும், திரும்பி வந்தபின் மருந்து கொடுத்துக் கவனிப்பதுமே நம் பங்கு. இது சிறிய பங்கு என்று சோர்ந்துபோக வேண்டாம். நமக்கு முன் ஓடினவர்களின் கதை ஒன்றைச் சொல்லுகிறோம்.

1900ஆம் ஆண்டு வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தம் மருத்துவ ஊழியத்தைத் தொடங்கினார். நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் ஷெல் என்ற வங்கியாளர், மரித்துப்போன தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் காணிக்கை கொடுத்தார். அதைக் கொண்டு 1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் பிரசவத்தில் மடிந்துபோகக் கூடாது என்பதே அன்றைய பாரம். இருதயத்தை நிறுத்தித் திறந்து மூடும் சிகிச்சை அன்று உலகில் எங்கும் இல்லை. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1940களின் இறுதியில் டாக்டர் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மிஷனெரி அறுவை மருத்துவர் வந்து நெஞ்சு அறுவை சிகிச்சைப் பிரிவை ஏற்படுத்தினார். 1961இல் அதே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் திறந்த இருதய அறுவை சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது. நம் நாட்டில் அவ்வகைச் சிகிச்சைக்கு வழிகாட்டிய இடங்களில் அதுவும் ஒன்று. பிரசவத்துக்கு என்று கொடுத்த காணிக்கை, அறுபது ஆண்டுகளுக்குள் இருதய நோயாளியின் படுக்கையருகே வந்து நின்றது. கொடுத்தவர் அதைக் காணவில்லை.

இருதயக் கட்டி அபூர்வம் என்று ஆரம்பத்திலேயே சொன்னோம். அதற்கென்று மட்டும் உங்களிடம் உதவி கேட்டால் அது சரியல்ல. ஆனால் அந்தக் கட்டியைக் காட்டுகிற அதே எக்கோவே, ரூமாட்டிக் நோயால் வால்வு சுருங்கிய சிறுமியையும், கர்ப்பகாலத்தில் மூச்சுத் திணறும் தாயையும், பிறவியிலேயே இருதயத்தில் துவாரமுள்ள குழந்தையையும், பலவீனமடைந்த இருதயத்தோடு நடமாடும் முதியவரையும் காட்டுகிறது. இவர்கள் அபூர்வமானவர்கள் அல்ல, தினந்தோறும் வருகிறவர்கள். ஆகையால் ஓர் ஏழை நோயாளியின் எக்கோவுக்கும், அவரும் துணையாளும் போய்வரும் பஸ் கட்டணத்துக்கும் நீங்கள் கொடுப்பது ஒன்றும் வீணாவதில்லை.

உங்கள் சபைகளில் சொல்லுங்கள்

இதை வாசிக்கிறவர்கள் தங்கள் வீட்டாருக்கும் அயலகத்தாருக்கும் இந்தச் சிலவற்றைச் சொல்லிவைத்தால், அதுவே பெரிய உதவி:

வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சலுக்கும் எடை குறைவுக்கும் காசநோய்ப் பரிசோதனை செய்தும் காரணம் தெரியவில்லை என்றால், இருதயத்தையும் பரிசோதிக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எழும்போதும் குனியும்போதும் மயக்கம் வந்தாலோ, படுக்கும் பக்கத்தைப் பொறுத்து மூச்சுத் திணறல் மாறினாலோ, அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். "பலவீனம்" என்று நீங்களே முடிவுசெய்ய வேண்டாம்.

முகம் கோணுதல், கை அல்லது கால் விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை வந்தால் ஒரு மணி நேரமும் காத்திராமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வயது குறைவு என்று அசட்டை செய்யாதீர்கள்.

ரூமாட்டிக் நோய்க்குப் பென்சிலின் ஊசி போட்டுக்கொள்ளுகிறவர்கள் இக்கட்டுரையைப் படித்துவிட்டு ஊசியை நிறுத்த வேண்டாம். அது அவசியமான மருந்து. ஒருமுறைகூட எக்கோ எடுத்ததில்லை என்றால் மட்டும் அதைக் குறித்துக் கேளுங்கள்.

ஜெபக்குறிப்புகள்

முதல் பரிசோதனை செய்கிற மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், கூட்டத்தின் நடுவிலும் பொறுமையாய்க் கேட்கும் காது கிடைக்க ஜெபியுங்கள்.

காரணம் தெரியாமல் பல மாதங்களாக அலைகிற நோயாளிகளுக்காகவும், அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற ஏழைக் குடும்பங்களுக்காகவும் ஜெபியுங்கள்.

அறுவை சிகிச்சைக்காகக் காத்திருப்போருக்கும், சுகம் கிடைக்காது என்று அறிந்தவர்களுக்கும் தேவ சமாதானம் அருளப்பட ஜெபியுங்கள்.

ஈசாயின் குமாரர்களின் முகத்தையும் உயரத்தையும் பார்த்து நின்ற சாமுவேலுக்குக் கர்த்தர் ஒரு பாடம் கற்பித்தார். மனிதரின் பார்வை எதில் நின்றுவிடுகிறது, தேவனுடைய பார்வை எங்கே போகிறது என்பதே அந்தப் பாடம். மருத்துவமனை ஊழியத்தில் அதை நாங்கள் தினமும் கற்றுக்கொண்டிருக்கிறோம். வெளியே தெரிகிற காய்ச்சலோடும் இருமலோடும் நின்றுவிடாமல் உள்ளே பார்க்க எங்களுக்குக் கிருபை தரும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் கர்த்தர் சுகத்தோடும் சமாதானத்தோடும் காத்தருளுவாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைக் குருவானவர்